பைனாகுலர் யார் கையில்?

பக்கத்து வீட்டுக்காரன் கொலைகாரனோ என்ற ஒரே ஒரு சந்தேகத்தை வைத்து எழுதப்பட்டு, உலகப் புகழ் பெற்ற ஒரு சிறுகதை இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் கார்னெல் வூல்ரிச் 1942-ல் எழுதிய 'இட் ஹேட் டு பி மர்டர்'. படித்தவர்களைவிடப் பார்த்தவர்கள்தான் அதிகம். 1954-ல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த 'ரியர் விண்டோ' இந்தக் கதைதான்.

கதைச் சுருக்கம் இது. ஜெஃப்ரிஸ் என்பவர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். காலில் மாவுக்கட்டு. (அதையே வூல்ரிச் கடைசி வரியில்தான் சொல்கிறார். மனிதர் கெட்டிக்காரர்.) பொழுது போகாமல் பின்பக்க ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தை வேடிக்கை பார்க்கிறார். அங்கே தோர்வால்ட் என்பவனும் அவனுடைய நோயாளி மனைவியும் இருக்கிறார்கள். ஒருநாள் ராத்திரி முழுக்க அந்த வீட்டில் விளக்கு எரிகிறது. மறுநாளிலிருந்து மனைவியைக் காணவில்லை. கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெரிய பெட்டி வெளியே போகிறது. ஜெஃப்ரிஸ் தன் போலீஸ் நண்பர் போயினுக்குப் போன் போடுகிறார். போயினின் ஆட்கள் விசாரித்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள். ஜெஃப்ரிஸ் விடுவதாக இல்லை. கடைசியில் அவர் சந்தேகப்பட்டதே சரி என்று ஆகிறது. மராமத்து நடந்துகொண்டிருந்த மேல்வீட்டின் சிமெண்ட் தளத்துக்குள் பிணம் இருக்கிறது.

படத்தைப் பற்றி ஒரு லாரி கொள்ளும் அளவுக்கு ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. ஒளிந்து பார்ப்பதன் இன்பம், சினிமா பார்ப்பவனும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன்தான், இப்படி. எனக்கு அவற்றில் சண்டையில்லை. கதையில் இருந்து படத்தில் காணாமல் போன ஒருவரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. தோர்வால்டின் மனைவி காணாமல் போனதைக் கண்டுபிடிக்க ஒரு ஜெஃப்ரிஸ் இருந்தார். இவர் காணாமல் போனதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு.

அவர் பெயர் சாம். ஜெஃப்ரிஸ் வீட்டில் பகலில் வேலை செய்யும் கறுப்பினத்தவர். எங்கோ சிள்வண்டு கத்தினால் பக்கத்தில் சாவு விழப்போகிறது என்று அஞ்சும் ஆளாக வூல்ரிச் அவரைக் காட்டுகிறார். அறிவு ஜெஃப்ரிஸுக்கு, மூடநம்பிக்கை சாமுக்கு. ஆனால் கதையில் நடக்கும் காரியங்களைச் செய்வது யார்? ஜெஃப்ரிஸுக்குத் தொலைநோக்கியைத் தேடி எடுத்து வருவது சாம். தோர்வால்டின் கதவிடுக்கில் மிரட்டல் கடிதத்தைச் செருகிவிட்டு வருவது சாம். தோர்வால்டைத் தந்திரமாக வெளியே வரவழைத்த நேரத்தில் அவன் வீட்டுக்குள் புகுந்து சாமான்களைக் கலைத்துவிட்டு வருவதும் சாம்தான். 1940-களின் அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஜன்னலில் ஒரு கறுப்பர் ஏறி இறங்குவதை எதிர் ஜன்னலில் இன்னொரு ஜெஃப்ரிஸ் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதையின் உண்மையான திகில் அங்கேதான் இருக்கிறது. வூல்ரிச் அதைச் சில வரிகளில் கடந்து போகிறார். ஹிட்ச்காக் சாமையே தூக்கிவிட்டார். படத்தில் அந்த வேலைகளைக் காதலி லிசா செய்கிறாள், நர்ஸ் ஸ்டெல்லா கூட நிற்கிறாள். ஆபத்து காதலுக்கான பரீட்சை ஆகிவிடுகிறது.

(நம் ஊரிலும் அதே 1954-ல்தான் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது. அங்கேயும் கொலை நடந்த வீட்டைப் பற்றிப் போலீசுக்குச் சொல்பவர் பக்கத்து வீட்டுக்காரர் சின்னையா. பாட்டில்லாமல் எடுத்த படம் என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான்.)

இந்தக் கதையை ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில், பள்ளி முடித்த பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தேன். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து வந்த இரண்டு தலித் பிள்ளைகள். வாசித்து முடித்ததும் கொலை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெண் கேட்டாள்: "ஏண்ணா, அவரு ஒரு போன் பண்ணதும் போலீஸ் வந்துருச்சா?"

என் முனைவர் பட்ட நெறியாளர்கூட என்னிடம் இத்தனை கூர்மையான கேள்வி கேட்டதில்லை. மீதிக் கட்டுரை முழுக்க அவளுடைய கேள்வியைச் சுற்றித்தான்.

சந்தேகப்படுவது எல்லோருக்கும் பொதுவான மனித குணம் என்று நினைக்கிறோம். குணம் பொதுவாக இருக்கலாம், அதன் பலன் பொதுவல்ல. மேலிருந்து கீழே பார்க்கும் சந்தேகம் சாட்சியமாகிறது. கீழிருந்து மேலே பார்க்கும் சந்தேகம் வதந்தியாகிறது, அல்லது திமிராகிறது. இதற்குச் சேர்வராயன் மலையைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது, ஏனென்றால் இங்கே மேல் கீழ் என்பது உருவகமே இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. பங்களாக்கள் மேட்டில் எழுந்தன, கூலிகளின் லைன்கள் சரிவில் அமைந்தன. வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எந்த வீட்டில் புகை வருகிறது, யார் வேலைக்கு இறங்கவில்லை, யார் மூட்டை தூக்கிப் போகிறார்கள் என்று தெரியும். சேலம் சமவெளியைப் பார்க்கும் காட்சிமுனைக்கு லேடிஸ் சீட் என்று பெயர் வைத்தார்கள். உட்கார்ந்து பார்ப்பதற்கு இருக்கை யாருக்கு என்பது பெயரிலேயே இருக்கிறது.

மலைக்குக் கீழே நடந்தது இன்னும் மோசம். 1871-ல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஆட்கள் அதைக் கைரேகைச் சட்டம், ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு சமூகத்தையே குற்றத்துக்குப் பழகிய கூட்டம் என்று அரசு அறிவித்துவிடலாம். அறிவிக்கப்பட்டவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், ரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்த அறிவிப்பு சரியா தவறா என்று கேட்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது. வூல்ரிச்சின் கதையில் போயின் ஒரு தடவையாவது சரிபார்த்தார்!

இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. பதிவு செய்யப்பட்டவர் யாராவது ஊரில் இல்லை என்றால், அல்லது சந்தேகத்துக்கிடமான ஆட்கள் வந்தால், உடனே தகவல் சொல்வது ஊர்த் தலைவர், தலையாரி ஆகியோரின் கடமை. அவர்களோடு, அந்த மக்கள் குடியிருக்கும் நிலத்தின் உடைமையாளருக்கும் அதே கடமை. நிலம் வைத்திருப்பவர் நிலமில்லாதவரை வேவு பார்க்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. ஜெஃப்ரிஸ் பொழுது போகாமல் செய்ததை இங்கே உடைமைச் சாதிகள் சட்டக் கடமையாகச் செய்தார்கள்.

பார்க்கப்பட்டவர்கள் யார்? தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'சேலம் மேல்நாடு குறவர்', 'சேலம் உப்புக் குறவர்' என்று ஊர்ப் பெயரோடே இரண்டு சமூகங்கள் இருக்கின்றன. உப்புக் குறவர் என்ற பெயரே அவர்கள் தொழிலைச் சொல்கிறது. கழுதையிலும் மாட்டிலும் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்த வணிகர்கள். ரயில் வந்தது, உப்பை அரசு தன் பிடிக்குள் கொண்டுவந்தது, பிழைப்பு போனது. மீனா ராதாகிருஷ்ணாவின் 'டிஸ்ஹானர்டு பை ஹிஸ்டரி' (2001) என்ற நூல் இதை விரிவாகப் பேசுகிறது, தேடிப் படியுங்கள். பிழைப்பைப் பறித்த அதே அரசு, பிழைப்பில்லாமல் திரிகிறார்கள் என்பதையே குற்றமாக்கியது. 1892-ல் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றிப் புத்தகமே எழுதினார். 1909-ல் தர்ஸ்டன் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுப்பிலும் போலீஸ்காரர்களின் குறிப்புகள் இனவரைவியலாக ஏறிவிட்டன. போலீசின் சந்தேகம் நூலகத்தில் அறிவாக மாறிய கதை இது. நானும் அந்தத் தொகுதிகளை அடிக்குறிப்பில் போட்டுத்தான் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் சட்டம் போனது. போகும்போது வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற தம்பியை விட்டுவிட்டுப் போனது. சந்தேக நபரிடம் நன்னடத்தைப் பிணை வாங்கும் பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109 ஆக இருந்தது, இப்போது புதிய சட்டத்தில் 128 ஆக இருக்கிறது. எண் மாறியது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஒரு போன் பண்ணதும் போலீஸ் வந்ததா?

சேர்வராயன் மலைக்குப் பக்கத்து மலைதான் சித்தேரி. அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி. அங்கே வாழ்பவர்களும் அந்தப் பெண்ணின் சமூகமான மலையாளிகள். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளை உடைத்தார்கள், 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள், ஊரையே சிறைக்கு அனுப்பினார்கள். அரசின் சந்தேகத்துக்கு எந்தக் காத்திருப்பும் தேவைப்படவில்லை. அதன் பிறகு அந்தப் பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். மத்தியப் புலனாய்வுத் துறையிடம் வழக்கு போவதற்கே 1995 ஆனது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் விடாமல் நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். ஜெஃப்ரிஸுக்கு ஒரு போன். வாச்சாத்திப் பெண்களுக்கு 31 வருடம். அதுவும் ஜெஃப்ரிஸ் ஜன்னல் வழியே ஊகித்தவர். இவர்கள் தங்கள் உடம்பில் நடந்ததைச் சொன்னவர்கள்.

அதனால்தான் இந்தக் கதையைத் திருப்பி எழுதிப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இடம் ஏற்காடு. பங்களாவில் கால் முறிந்த எஸ்டேட் மேனேஜர். கையில் பைனாகுலர். கீழே லைன் வீட்டில் ஒரு குடும்பம். ஒரு ராத்திரி முழுக்க அந்த வீட்டில் விளக்கு எரிகிறது, காலையில் பெண்டாட்டியைக் காணவில்லை, புருஷன் கொல்லையில் குழி தோண்டுகிறான். மேனேஜர் ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறார்.

முதல் சுற்றில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். அவன் கொலை செய்யவில்லை. பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், குழி மிளகுக்கொடி நடுவதற்கு. போலீஸ் அடித்து நொறுக்கிய பிறகு அவள் கைக்குழந்தையோடு வந்து நிற்கிறாள். கண்ணீர் வரும்தான். முற்போக்குக் கதைகளில் முக்கால்வாசி இந்த வார்ப்பில்தான் வருகின்றன. எனக்கு இதில் நெருடல் உண்டு. 'ஜெய்பீம்' வந்தபோது நாமெல்லாம் அழுதோம். அதன் மூலமான 1993 கம்மாபுரம் வழக்கில் காவலில் கொல்லப்பட்ட ராசாகண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளராக மாறியது பற்றிய விவாதம் தனி. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, திருடியது வேறு யாரோ என்பது தெளிவாகத் தெரிந்ததால்தான் பார்வையாளரின் கண்ணீர் தடையில்லாமல் வந்தது. அவர் உண்மையிலேயே நகையை எடுத்திருந்தால்? அப்போதும் அவரை அடித்துக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று தியேட்டரில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? ஒடுக்கப்பட்டவர் நம் அனுதாபத்தைப் பெற நூற்றுக்கு நூறு நிரபராதியாக இருந்தாக வேண்டும் என்பதே ஒரு நன்னடத்தைப் பிணைதான். ரேகைச் சட்டம் தப்பான ஆளைப் பிடித்தது என்பதோடு நம் விமர்சனம் நின்றுவிட்டால், சரியான ஆளைப் பிடிக்கும் ரேகைச் சட்டத்தை நாம் ஏற்றுக்கொள்வோம்.

வேங்கைவயலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. புகார் கொடுத்தவர்கள் அந்த மக்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீது. வழக்கு நீதிமன்றத்தில் நடக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: புகாரோடு போகிற சேரிக்காரர் சந்தேக நபராகத் திரும்பி வருவது நமக்கு ஏன் அதிர்ச்சியே தருவதில்லை?

சந்தேகத்தின் பாதையில் நாமும் நடமாடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னையைச் சேர்ந்த முதியவர் ஒருவர், பிள்ளை பிடிக்கிறவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் பங்களாக்காரர்கள் இல்லை, சாதாரண ஊர் மக்கள். பைனாகுலர் இப்போது எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. வடநாட்டுத் தொழிலாளர்கள் நாலு பேர் டீக்கடையில் நின்றால் ஒரு குரூப்பில் படம் வந்துவிடுகிறது. அதை அனுப்புபவர் நம் தோழராகவும் இருக்கிறார்.

பிள்ளைகளின் இரண்டாவது சுற்றில்தான் கதை பிடிபட்டது. முதலில் கேள்வி கேட்ட அதே பெண் எழுதியது. மேனேஜரை அவள் கதைசொல்லி இடத்திலிருந்தே இறக்கிவிட்டாள். லைன் வீட்டிலிருந்து தொடங்குகிறது. சாயங்காலம் 4 மணிக்கு மேல் வெயில் சாயும்போது பங்களா வராந்தாவில் ஏதோ மினுக்குகிறது. கண்ணாடி. தங்களைப் பார்க்கிறார்கள் என்று லைனுக்குத் தெரியும், எப்போதுமே தெரியும். ஆனால் மேனேஜருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. லைனும் பங்களாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சமைப்பவர், தோட்டக்காரர், துணி துவைப்பவர் என்று எத்தனை கண்கள்! எந்த அறையில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, குப்பையில் எத்தனை பாட்டில், யாருக்கு என்ன மாத்திரை, எல்லாம் லைனுக்கு அத்துப்படி. ஜெஃப்ரிஸ் தூரத்திலிருந்து ஊகித்தார். சாம் வீட்டுக்குள் நிற்கிறவர், அவர் ஊகிக்கத் தேவையில்லை.

அந்தப் பங்களாவில் வீட்டு வேலைக்குப் போன பதினாறு வயதுப் பெண் இரண்டு நாளாக லைனுக்குத் திரும்பவில்லை. அவளை ஊருக்கு அனுப்பிவிட்டதாக ரைட்டர் சொல்கிறார். அவள் செருப்பு சமையலறை வாசலிலேயே கிடக்கிறது. தோட்டக்காரர் ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் புது மண்ணைப் பார்க்கிறார், தான் கொத்தாத மண். இங்கே கொலை நடந்ததா இல்லையா என்று அவள் எழுதவில்லை. எழுத மாட்டேன் என்றாள். "செத்துட்டான்னு நான் எழுதுனா, நீங்க அவளைத் தேட மாட்டீங்க" என்றாள்.

கதையின் பாதிப் பக்கங்கள் ராத்திரி லைனில் நடக்கும் பேச்சுக்குப் போகின்றன. போலீசுக்குச் சொல்லலாமா வேண்டாமா? சொன்னால் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், வீடு எஸ்டேட்டுடையது. பறிப்பு சீசன் கூலி பாக்கி நிற்கிறது. தோட்டக்காரர் மேல் ஏற்கெனவே ஒரு பழைய சந்தேகக் கேஸ் இருக்கிறது, மண்ணைப் பார்த்தது அவர்தான் என்று தெரிந்தால் மண்ணை வெட்டியதும் அவர்தான் என்று ஆகிவிடும். ஒரு கிழவி, வாச்சாத்தியில் சொந்தக்காரர் இருப்பவர், கடைசிவரை எதுவுமே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். வூல்ரிச்சால் எழுத முடியாத திகில் இது. கொலைகாரன் கதவைத் தட்டுவானா என்ற பயம் ஜெஃப்ரிஸுக்கு. நாம் போய்த் தட்டினால் கதவு திறக்குமா, திறந்தால் உள்ளே போகிறவர் வெளியே வருவாரா என்ற பயம் இவர்களுக்கு.

விடிவதற்கு முன் மூன்று பெண்கள் கிளம்புகிறார்கள். தோட்டக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். எஸ்டேட் ரோட்டில் போனால் பங்களாவிலிருந்து தெரியும் என்பதால் சில்வர் ஓக் மரங்களுக்குள் புகுந்து காப்பிச் செடிகள் ஊடாக இறங்கிப் போகிறார்கள். ஒருத்தி கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் அந்தச் செருப்பு. ஸ்டேஷனில் பாரா மட்டும் இருக்கிறார். நெடுநேரம் கழித்து எழுத்தர் வருகிறார். மனுவை வாங்கிப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு கேட்கிறார்: "எந்த லைனு நீங்க? முதல்ல உங்க பேரு, புருஷன் பேரு எல்லாத்தையும் சொல்லுங்க."

அவர்களில் மூத்தவள் சொல்கிறாள்: "சொல்றோம் சார். மொதல்ல ரசீது போட்டுக் கொடுங்க."